ஸ்டோமா மூடிய பிறகு: குடல் பழகும் மாதங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலக்குடலில் வந்த புற்றுநோய்க் கட்டியை நீக்கிவிட்டு, மீதமுள்ள பெருங்குடலை ஆசனவாய்க்கு அருகே இணைக்கும்போது, அந்த இணைப்பு ஆறும்வரை அதன் வழியே மலம் செல்லாமலிருக்கச் சிறுகுடலின் கடைப்பகுதியை வயிற்றின் மேற்பரப்புக்குக் கொண்டுவந்து தற்காலிகத் திறப்பு ஒன்றை வைப்பார்கள். வயிற்றில் வைக்கும் இத்தகைய திறப்புக்கு ஸ்டோமா என்று பெயர்; சிறுகுடலில் வைத்தால் அது இலியோஸ்டமி. இந்தத் திறப்பைப் பொதுவாக 8 முதல் 12 வாரங்களில் மூடலாம். இடையில் கீமோதெரபி இருந்தால் அது பல மாதங்களுக்குத் தள்ளிப்போகும். அத்தனை காலமும் திறப்பின் மேல் ஒட்டிய மலம் சேரும் பையைக் காலி செய்வதும் ஒட்டும் தகட்டை மாற்றுவதுமாக வாழ்ந்தவருக்கு, "பையை எடுத்துவிட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும்" என்ற ஒரே நம்பிக்கைதான் துணையாக இருந்திருக்கும். மூடும் அறுவை சிகிச்சைக்குப் பிறகு நோயாளிகளும் வீட்டாரும் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை அந்த நம்பிக்கையிலிருந்தே பிறக்கின்றன என்பது என் கருத்து. திறப்பு மூடப்படுகிறது என்பது உண்மை; ஆனால் திரும்பக் கிடைப்பது பழைய குடல் அன்று.

மலக்குடல் வெறும் குழாய் அன்று. மலத்தைத் தேக்கி வைப்பதும், வந்திருப்பது காற்றா மலமா என்று பிரித்தறிவதும், கழிப்பறைக்குச் செல்லும்வரை பொறுத்துக்கொள்ள உதவுவதும் அதன் வேலைகள். அதன் பெரும்பகுதி நீக்கப்பட்டபின் அந்த இடத்தில் இணைக்கப்பட்ட பெருங்குடலுக்கு இந்தப் பழக்கம் எதுவும் கிடையாது. போதாக்குறைக்கு, மாதக்கணக்கில் வேலையின்றி இருந்த குடலும், பயன்படாமல் தளர்ந்த சுருக்குத்தசையும் சேர்ந்துகொள்கின்றன. கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றிருந்தால் குடற்சுவரின் விரிந்துகொடுக்கும் தன்மையும் குறைந்திருக்கும். எனவே காலையில் ஒரு முறை போய்விட்டு வந்து, கை கழுவி, காபித் தம்ளரை எடுப்பதற்குள் மீண்டும் அவசரம் வரும். போனால் சிறிதளவே வெளியேறும். பத்து நிமிடத்தில் மறுபடியும் அதே அவசரம். இப்படி ஒன்றிரண்டு மணி நேரத்தில் ஐந்தாறு முறை போய்விட்டு, பிறகு அரைநாள் எதுவும் இல்லாமலும் இருக்கலாம். அவசரம், கொத்துக்கொத்தாக வருதல், முழுமையாகக் கழியாத உணர்வு, காற்றையோ நீர்த்த மலத்தையோ அடக்க முடியாமை ஆகிய இவற்றை மருத்துவர்கள் சேர்த்து "லார்ஸ்" என்று சுருக்கமாகக் குறிப்பிடுகிறார்கள். பலருக்கு இது ஓராண்டு முதல் இரண்டாண்டுகளில் படிப்படியாகக் குறைகிறது. சிலருக்கு ஒரு பகுதி நிலைத்துவிடுகிறது. இதை முன்கூட்டியே அறியாதவர்தான் மூன்றாவது வாரத்திலேயே "ஆபரேஷன் சரியாகச் செய்யவில்லை" என்று மனமுடைந்து போகிறார்.

இங்கே நேரும் முதல் தவறு, வெட்கத்தால் மறைப்பது. பரிசோதனைக்கு வந்த இடத்தில் "எப்படி இருக்கிறீர்கள்?" என்று மருத்துவர் கேட்கும்போது, பக்கத்தில் மருமகளோ மகனோ நிற்பதால் "பரவாயில்லை, சார்" என்று சொல்லிவிட்டு வருபவர் ஏராளம். இரவில் எத்தனை முறை எழுகிறார், உள்ளாடை எத்தனை நாள் கறைபட்டது என்பதெல்லாம் வீட்டுக்குள்ளேயே நின்றுவிடுகிறது. இதை அளப்பதற்கென்றே டென்மார்க் மருத்துவர்கள் 2012-இல் ஐந்து கேள்விகள் கொண்ட மதிப்பெண் முறை ஒன்றை வெளியிட்டார்கள். 0 முதல் 42 வரை செல்லும் அதில் 30-உம் அதற்கு மேலும் வந்தால் கடுமையான பாதிப்பு என்று பொருள். வாய்விட்டுச் சொல்லக் கூச்சமாக இருந்தால், ஒரு வாரத்துக்கு நேரத்தையும் தடவைகளையும் உண்டதையும் ஒரு தாளில் குறித்துக் கொடுத்தாலே போதும்.

பிறர் அனுபவத்தோடு ஒப்பிடுவதும் வீண் கவலையைத்தான் தரும். சிறுகுடல் திறப்பை மூடுவது பெரும்பாலும் அந்தத் திறப்பின் வழியாகவே செய்யப்படும் சிறிய அறுவை சிகிச்சை; சில நாள்களில் வீடு திரும்பலாம். நோயுற்ற பகுதியை நீக்கி, கீழ்முனையை மூடிவிட்டு, மேல்முனையை வயிற்றில் திறப்பாக வைக்கும் ஹார்ட்மன் முறையில், அந்தப் பெருங்குடல் திறப்பை மீண்டும் இணைப்பதோ பெரிய வேலை. நடுவயிற்றை மறுபடி திறக்கவோ, சிறு துளைகளில் கேமராவைச் செலுத்தி லேப்ராஸ்கோப் வழியே நெடுநேரம் செய்யவோ வேண்டியிருக்கும். பக்கத்துத் தெருக்காரர் பத்தாம் நாள் கடைக்கு வந்தார் என்றால், அவருக்கு எந்த வகை, மலக்குடல் முழுதாக இருந்ததா என்பதைத் தெரிந்துகொள்ளாமல் அதை அளவுகோலாக்கக் கூடாது.

மருத்துவமனையில் முதல் சில நாள்களில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: குடல் விழித்ததா? காற்று பிரிவதற்கு முன்பே வீட்டார் அன்பின் மிகுதியால் ஹார்லிக்ஸும் இட்லியுமாக ஊட்டிவிடுவதும், வாந்தி உணர்வை "பித்தம்" என்று நோயாளி பொறுத்துக்கொள்வதும் நடக்கின்றன. குடல் அசைவு சில நாள் மந்தமாக இருப்பது இந்த அறுவை சிகிச்சைக்குப் பின் அடிக்கடி காணப்படுவது. வயிறு உப்பி, வாந்தி வந்தால் உணவை நிறுத்திவிட்டுச் செவிலியரிடம் சொல்ல வேண்டும். படுத்தே கிடப்பதைவிட வராந்தாவில் மெல்ல நடப்பது நல்லது. முதலில் சளியும் சிறிது பழைய இரத்தமும் வெளியேறினால் திகைக்க வேண்டாம்; உபயோகமின்றி இருந்த குடற்பகுதியில் உட்சுவர் அழற்சி ஏற்படுவது வழக்கம், மலம் செல்லத் தொடங்கியதும் அது தணியும்.

உணவு விஷயத்தில் இரண்டு நேரெதிர்த் தவறுகள் உண்டு. முதலாவது, பையோடு இருந்தபோது ஒதுக்கியவற்றையெல்லாம் ஒரே வாரத்தில் ஈடுகட்டுவது. புதிய இணைப்பில் வீக்கம் இருக்கும் முதல் சில வாரங்களில் வழி குறுகலாக இருக்கும். முருங்கைக்காய்ச் சக்கை, வாழைப்பூ, வாழைத்தண்டு, மக்காச்சோளம், தேங்காய்ப் பத்தை, பலாச்சுளை, நாரோடு கூடிய ஆரஞ்சுச் சுளை போன்றவை அங்கே சிக்கி அடைப்பை உண்டாக்கலாம். நலம் விசாரிக்க வருபவர் ஆரஞ்சு வாங்கி வருவதும், வந்தவர் மனம் கோணாமல் அவர் எதிரிலேயே உரித்து உண்பதும் நம் வழக்கம் என்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. குழைந்த சோறு, இட்லி, பாசிப்பருப்பு, நன்றாக வெந்த தோல் நீக்கிய காய், முட்டை, மீன், தயிர் என்று தொடங்கி, புதிதாக ஒன்றைச் சேர்க்கும்போது அதை மட்டும் சிறிதளவு சேர்த்து, இரண்டொரு நாள் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போவதே முறை. மிளகாய்க் காரமும் எண்ணெயும் ஆசனவாயில் எரிச்சலாக வந்து கணக்குத் தீர்க்கும். பால் சிலருக்குத் தற்காலிகமாக ஒத்துக்கொள்ளாமல் போகலாம்.

இரண்டாவது தவறு மேலும் ஆபத்தானது. "சாப்பிட்டால்தானே போக வேண்டியிருக்கிறது" என்று உணவையே குறைத்துக்கொள்வதும், பத்தியம் என்ற பெயரில் கஞ்சியும் ரசச்சோறுமாக மாதக்கணக்கில் ஓட்டுவதும் காயம் ஆறுவதற்கு வேண்டிய புரதத்தைப் பறித்துவிடுகின்றன. கல்யாணத்துக்கோ வங்கிக்கோ போக வேண்டிய நாளில் முழுப்பட்டினி இருப்பவர்களும் உண்டு; வெறும் வயிற்றில் காற்று பெருகும், அவசரமும் முற்றாக நிற்காது. உணவு வயிற்றில் விழுந்ததும் பெருங்குடல் சுருங்கத் தொடங்கும் என்பது உடலின் இயல்பான எதிர்வினை. அதைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும்: வெளியே புறப்படுவதற்கு இரண்டு மூன்று மணி நேரத்துக்கு முன் காலை உணவை முடித்து, அந்தக் கொத்து வந்து அடங்கியபின் கிளம்பலாம். இரவில் எழ வேண்டியிருந்தால் இரவு உணவைச் சீக்கிரமாகவும் சிறிதாகவும் வைத்துக்கொள்ளலாம்.

வயிற்றுப்போக்கு மிகும் நாள்களில் வெறும் தண்ணீரை மட்டும் செம்பு செம்பாகக் குடிப்பது போதாது. மலத்தோடு உப்பும் வெளியேறுகிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் சூத்திரப்படியான ஓஆர்எஸ் பொட்டலத்தை, அதில் எழுதியுள்ள அளவு நீரில் மட்டுமே கரைக்க வேண்டும். ஒரு லிட்டர் பொட்டலத்தில் பாதியை ஒரு தம்ளரில் கொட்டிக் கலக்குவது பயனைக் கெடுத்து, தாகத்தையும் போக்கையும் கூட்டும். ஓஆர்எஸ் என்ற எழுத்துகளோடு அட்டைப்பெட்டியில் விற்கப்பட்ட இனிப்புப் பானங்களை அது என்று நம்பி வாங்கியவர் பலர். சூத்திரத்துக்குப் பொருந்தாத பானங்களில் அந்தப் பெயரை இடக்கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது. இளநீரில் பொட்டாசியம் மிகுதி, சோடியம் குறைவு; ஆகவே அது ஓஆர்எஸ்ஸுக்கு மாற்றாகாது. உப்பிட்ட நீர்மோரும் கஞ்சியும் துணைக்கு நல்லவை. சிறுநீரகக் கோளாறோ இதய நோயோ உள்ளவர்கள் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மருந்துக் கடையில் கேட்டு வாங்கி விழுங்கும் பழக்கம் இங்கே தனிக் கவனம் கேட்கிறது. குடலின் வேகத்தைக் குறைக்கும் லோபரமைடு மாத்திரை, மருத்துவர் சொன்ன அளவில், உணவுக்கு அரை மணி நேரம் முன்பு எடுத்தால் பலருக்கு நன்கு உதவுகிறது. போக்கு மிகுந்தபின் அவசரமாக இரண்டு மூன்றை ஒன்றாக விழுங்குவது முறையன்று. காய்ச்சல், மலத்தில் இரத்தம், வயிறு உப்பிக் காற்றுப் பிரியாமை ஆகியவை இருக்கும்போது அதைத் தொடவே கூடாது. ஆன்டிபயாட்டிக்குக்குப் பின் வரும் குடல் தொற்றையோ அடைப்பையோ அது மறைத்து மோசமாக்கும். இசப்கோல் உமி மலச்சிக்கலுக்கு மட்டும் என்று நினைப்பவர்கள் உண்டு. நீர்த்த மலத்தைத் திரட்டவும் அது பயன்படும், ஆனால் அடைப்பு அறிகுறி இருந்தால் கூடாது. நீரிழிவுக்கான மெட்ஃபார்மின் மாத்திரையே வயிற்றுப்போக்கை உண்டாக்கலாம் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. அறுவை சிகிச்சை நிபுணரிடம் எல்லா மாத்திரைப் பட்டைகளையும் கொண்டுபோய்க் காட்டினால் இது பிடிபடும். தானாக நிறுத்தவும் வேண்டாம். சர்க்கரையற்ற மிட்டாய்களில் சேர்க்கும் சார்பிட்டாலும் வயிற்றுப்போக்கை உண்டாக்கலாம். நீரிழப்பு இருக்கும்போது டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் சிறுநீரகத்தைத் தாக்கக்கூடும்.

இதுவரை சொன்னவற்றைவிட முதல் மாதத்தில் மனிதரை அதிகம் வாட்டுவது தோல் எரிச்சல்தான். முன்பு பைக்குள் விழுந்த பித்த உப்புகளும் செரிமான நொதிகளும் இப்போது ஆசனவாய்த் தோலில் படுகின்றன. ஒவ்வொரு முறையும் சோப்பு போட்டுத் தேய்ப்பதும், கிருமிநாசினி கலந்த நீரில் கழுவுவதும், மணமூட்டிய ஈரத்தாளால் துடைப்பதும் புண்ணை ஆழமாக்குகின்றன. வெதுவெதுப்பான நீரை மெல்லிய அழுத்தத்தில் விட்டுக் கழுவி, துவைத்து மென்மையான பழைய வேட்டித் துணியால் தேய்க்காமல் ஒற்றியெடுத்து, முழுதும் உலர்ந்தபின் ஜிங்க் ஆக்சைடு களிம்பை மெல்லியதாகத் தடவ வேண்டும். அடுத்த முறை களிம்பு முழுவதையும் சுரண்டியெடுக்க வேண்டியதில்லை. அழுக்கான மேற்படலத்தை மட்டும் நீக்கிவிட்டு மீண்டும் தடவினால் போதும். தோல் வெந்தபின் மருந்து தேடுவதைவிட, மருத்துவமனையிலிருந்து கிளம்பும் நாளிலேயே களிம்பைத் தொடங்குவது புத்திசாலித்தனம்.

திறப்பு இருந்த இடத்தின் காயத்தைப் பல மருத்துவர்கள் முழுவதுமாகத் தைக்காமல், சுருக்குப் பை போல இழுத்து நடுவில் சிறு துளை விட்டுவிடுவார்கள்; தொற்று தேங்காமல் உள்ளிருந்து ஆறட்டும் என்பதற்காகவே அப்படி. "தையல் பிரிந்துவிட்டது" என்று பதறி மஞ்சளோ பொடியோ வைத்து அடைக்கக் கூடாது. அதே இடத்தில் வயிற்றுச் சுவர் பலவீனமாக இருப்பதால் பின்னாளில் குடலிறக்கம் தோன்றும் வாய்ப்பு உண்டு. எனவே ஆறு வாரங்கள் வரையாவது நான்கைந்து கிலோவுக்கு மேல் தூக்குவதைத் தவிர்க்கச் சொல்வது வழக்கம். நிறைகுடம் அதைத் தாண்டும், 14.2 கிலோ எரிவாயு நிரம்பிய சிலிண்டரை நகர்த்துவதைப் பற்றிப் பேச வேண்டியதே இல்லை. இருமும்போதும் தும்மும்போதும் தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொள்வது வலியைக் குறைக்கும்.

அவசரம் வந்த ஒவ்வொரு முறையும் ஓடுவதும், ஒன்றும் வராதபோது அரை மணி நேரம் கைபேசியோடு உட்கார்ந்து முக்குவதும் குடலுக்குத் தவறான பழக்கத்தைக் கற்றுக்கொடுக்கின்றன. தோல் ஆறி, மலம் சற்றுத் திரண்டபின், அவசரத்தை முதலில் ஒரு நிமிடம், பிறகு ஐந்து நிமிடம் என்று தள்ளிப்போடப் பழகலாம். காற்றை அடக்குவதுபோல ஆசனவாய்த் தசையை இறுக்கிச் சில விநாடிகள் நிறுத்தித் தளர்த்தும் பயிற்சி பயன் தரும். வயிற்றையும் தொடையையும் இறுக்கிக்கொண்டு மூச்சைப் பிடித்துச் செய்தால் பலனில்லை என்பதால், பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் ஒரு முறையாவது சரிபார்த்துக்கொள்வது நல்லது.

சில அறிகுறிகளைக் கண்டால் மட்டும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது: 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் காய்ச்சல், குறையாமல் கூடிக்கொண்டே போகும் வயிற்று வலி, ஓய்விலும் படபடக்கும் இதயம், வாந்தியோடு வயிறு உப்பிக் காற்றும் மலமும் நின்றுபோதல், காயத்திலிருந்து சீழோ மலமோ கசிதல், நிறைய இரத்தம், சிறுநீர் மிகக் குறைந்து தலைசுற்றல், ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும். இணைப்பில் கசிவு ஏற்பட்டால் சில மணி நேரமும் முக்கியம். அப்போது அருகிலுள்ள கிளினிக்கில் ஊசி போட்டுக்கொண்டு திரும்புவதைவிட, அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்கே நேராகச் செல்ல வேண்டும்.

பை போனதோடு சிகிச்சை முடிந்தது என்று புற்றுநோய்க் கண்காணிப்பைக் கைவிடுவதும், ஓராண்டு கழித்து இரத்தம் வந்தால் மூலம் என்று தாமே முடிவு செய்வதும் வருந்தத்தக்க தவறுகள். புற்றுநோய் திரும்புகிறதா என்று கவனிக்க உதவும் சிஇஏ இரத்தப் பரிசோதனையும், பெருங்குடலின் உட்புறத்தைக் கேமராவால் பார்க்கும் கொலோனோஸ்கோபியும் சொன்ன தேதியில் நடக்க வேண்டும். மருந்து, உணவு, பயிற்சி ஆகிய மூன்றும் போதாமல் வீட்டைவிட்டு நகர முடியாத நிலை நீடித்தால், ஆசனவாய் வழியே நீரைச் செலுத்திக் குடலைக் காலி செய்து அடுத்த பல மணி நேரத்தை நிம்மதியாக்கும் முறை இருக்கிறது. இணைப்பு நன்கு ஆறியது என்று மருத்துவர் உறுதிசெய்தபின், பயிற்சி பெற்றே அதைத் தொடங்க வேண்டும். இடுப்பு நரம்பைத் தூண்டும் சிறு கருவியைப் பொருத்துவதும் சில மையங்களில் செய்யப்படுகிறது. இவை எதுவும் உதவாத சிலர், எல்லாவற்றையும் முயன்று பார்த்தபின், நிரந்தர ஸ்டோமாவையே கேட்டு வாங்கிக்கொண்டு வேலைக்கும் பயணத்துக்கும் திரும்புகிறார்கள். அந்தப் பேச்சை மருத்துவர் எடுத்தால் வீட்டார் அதைத் தோல்வி என்று தடுக்காமல், முடிவை நோயாளியிடம் விடுவது நல்லது.