நடைபாதைக் கரையில் சில்லு மோதினால் எதைப் பார்க்க வேண்டும்

இலங்கையில் நாம் இடப்பக்கமாக ஓடுகிறோம், சாரதியோ வலப்பக்கத்தில் இருக்கிறார். ஆகவே எதிரே வரும் பஸ்ஸுக்கு ஒதுங்கும்போதும், சைக்கிளை விலத்தியபின் மீண்டும் ஓரத்தை அணுகும்போதும், நடைபாதையின் சீமெந்துக் கரையில் மோதுவது பெரும்பாலும் அவர் கண்ணுக்கு எட்டாத முன் இடச் சில்லுதான். இறங்கிப் பார்க்கிறவர்கள் அலோய் றிம்மில் விழுந்த கீறலைத் தடவிப் பார்த்து வருந்துகிறார்கள். மோதலால் நேரக்கூடிய சேதங்களுள் மிகவும் அற்பமானது அக்கீறலே.

முதலில் பார்க்க வேண்டியது ரயரின் பக்கச் சுவரை. வேகமாக மோதும்போது ரயர் றிம்முக்கும் கரைக்கும் இடையே நசுங்குவதால், இறப்பருக்குள் இருக்கும் நூலிழைகள் அறுந்துபோகின்றன. அந்த இடத்தைத் தாங்க எதுவும் இல்லாமற்போக, உள்ளிருக்கும் காற்று இறப்பரை வெளியே தள்ளி, பாதி எலுமிச்சம்பழம் ஒட்டியதுபோல ஒரு வீக்கத்தை உண்டாக்கும். வீக்கம் கண்ட ரயரையும், நூல் தெரியுமளவுக்கு வெட்டுண்ட ரயரையும் எந்தப் பஞ்சர் கடையிலும் திருத்த இயலாது, ஓட்டிக்கொண்டு வீடு போய்ச் சேரவும் கூடாது. அங்கேயே மேலதிகச் சில்லை மாற்ற வேண்டும். அது ஒடுக்கமான தற்காலிகச் சில்லாயின், அதன் மேலேயே எழுதியிருக்கும் வேக எல்லையை மீறக் கூடாது. சில ஹைபிரிட் கார்களில் மேலதிகச் சில்லுக்குப் பதிலாக வரும் அடைப்புத் திரவம் ஆணி குத்திய துளைக்கு உதவுமேயன்றிப் பக்கச் சுவர் வெட்டுக்கு உதவாது.

வெளிப்புறம் நன்றாக இருந்தாலும் அத்துடன் விட்டுவிட வேண்டாம். றிம்மின் உள்விளிம்பு நெளிந்திருப்பது வெளியில் நின்று பார்ப்பவருக்குத் தெரியாது. ஸ்ரியறிங்கை முழுமையாக ஒரு பக்கமும் பின்னர் மறுபக்கமும் திருப்பி, ரோர்ச் வெளிச்சத்தில் உட்புறத்தைப் பாருங்கள். பிறகு சில்லு அரைச் சுற்றுச் சுழலுமாறு காரை நகர்த்தி, நிலத்தில் பதிந்திருந்த பகுதியையும் பாருங்கள். மறுநாள் காலை, கார் ஓடுவதற்கு முன், காற்றை அளக்க வேண்டும். ஜப்பானிலிருந்து வந்த கார்களில் சாரதியின் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும், எவ்வளவு காற்று வேண்டும் என்று சொல்லும் தாளில் எழுத்து புரியாவிட்டாலும் இலக்கம் புரியும்: 230 கிலோபஸ்கால் என்றால் ஏறத்தாழ 33 பிஎஸ்ஐ. அந்த ஒரு சில்லில் மட்டும் காற்றுக் குறைந்திருந்தால், சவர்க்கார நீரை றிம்மும் ரயரும் சேரும் விளிம்பைச் சுற்றி ஊற்றுங்கள். குமிழி எழும் இடமே நெளிவு.

அடுத்து ஓட்டிப் பார்க்க வேண்டும். நேரான வீதியில் ஸ்ரியறிங் நடுவில் நிற்காமல் சரிந்து நின்றால் சில்லைத் திருப்பும் கம்பியான ரை றொட் வளைந்திருக்கலாம். வீதிகள் ஓரம் நோக்கிச் சற்றுச் சரிவாக அமைக்கப்படுவதால் கார் இலேசாக இடப்பக்கம் சாய்வது இயல்பு, முன்பு இல்லாத இழுவைதான் கவலைக்குரியது. நகருக்குள் தெரியாத நடுக்கம், யாழ்ப்பாணத்திலிருந்து கண்டி வீதியில் சாவகச்சேரி தாண்டி மணிக்கு 70 கிலோமீற்றரை நெருங்கும்போது கைக்குத் தெரியும். அது றிம் நெளிந்ததாலோ, சில்லின் எடைச் சமநிலையான பலன்சிங் குலைந்ததாலோ வருவது. வளைவில் திரும்பும்போது கூடிக் குறையும் உறுமல், சில்லைச் சுழலவிடும் பெயறிங்கிலிருந்து வரலாம்.

இவற்றில் ஒன்று தென்பட்டாலும் கராச்சுக்குப் போக வேண்டும். அங்கே உடனே, சில்லுகளின் கோணத்தைச் சரிசெய்யும் வீல் அலைன்மென்ற் வேலையைச் செய்துவிடச் சொல்வது நம்மவர் வழக்கம், அது வரிசை மாறிய வேலை. சில்லைத் தூக்கி, இரு பக்கமும் பிடித்து ஆட்டி ரை றொட்டையும், மேலும் கீழும் பிடித்து ஆட்டி பெயறிங்கையும், சில்லுப் பக்கத்து மூட்டான போல் ஜொயின்ற்றையும் முதலில் பார்க்கச் சொல்லுங்கள். சில்லைக் கீழ்ப்புறத்தில் காருடன் இணைக்கும் லோவர் ஆம் வளைந்திருக்கிறதா என்பதை மறுபக்கத்து ஆமுடன் ஒப்பிட்டால் தெரிந்துவிடும். வளைந்த பாகத்தின் மேல் அலைன்மென்ற் செய்தால் ஸ்ரியறிங் நேராகும், ரயரோ ஒரு விளிம்பில் தேய்ந்துகொண்டே போகும். மோதியது பின் சில்லென்றால், சிறிய கார்கள் பலவற்றில் பின்புறத்தைத் திருகிச் சரிசெய்ய வழியில்லை என்பதால், வளைந்த அச்சை மாற்றவே நேரும்.

இரும்பு றிம்மின் சிறு நெளிவைத் தட்டி நிமிர்த்தலாம். வெடித்த அலோய் றிம்மை ஒட்டவைத்து ஓடுவதை நான் ஏற்கமாட்டேன். பழைய றிம் வாங்குவதானால், காசு கொடுக்கு முன் பலன்சிங் மெசினில் பூட்டிச் சுழற்றிப் பாருங்கள், அதுவும் எங்கோ ஒரு கரையில் மோதியதாக இருக்கலாம். எல்லாம் சரியென்றாலும் இரண்டொரு கிழமை வரை பக்கச் சுவரை அவ்வப்போது பார்த்துவருவது நல்லது, ஏனெனில் வீக்கம் சில வேளை நாள் கழித்தே வெளிப்படும். சில்லைக் கழற்றிப் பூட்டியிருந்தால் 50 முதல் 100 கிலோமீற்றர் ஓடியபின் நட்டுகளை மீண்டும் இறுக்கிப் பார்க்க வேண்டும்.