குடும்ப மருந்தகக் குழுவுக்குப் புற்றுநோய்ப் பயிற்சி நடத்துவது எப்படி?

புற்றுநோயைப் பற்றிக் குடும்ப மருத்துவர்களுக்கு வகுப்பெடுக்க வருபவர்கள் பெரும்பாலும் மருத்துவமனை நிபுணர்களாகவே இருக்கிறார்கள். அவர்கள் காட்டும் படங்களில் கட்டி ஏற்கெனவே கண்டுபிடிக்கப்பட்டு, அளக்கப்பட்டு, நிலை குறிக்கப்பட்டிருக்கும். குடும்ப மருத்துவரின் அறைக்கு வருவதோ ஒரு மாதமாக விடாத இருமல், காரணம் தெரியாத அசதி, 'பைல்ஸ்தான் டாக்டர், எப்போதும் வருவதுதான்' என்று நோயாளியே பெயர் சூட்டிவிட்ட ரத்தப்போக்கு போன்றவை. அதுவும் அவர் கையில் இருப்பது சில நிமிடங்களே. நம் சிங்கப்பூரின் தனியார் மருந்தகங்களிலும் (கிளினிக்) பலதுறை மருந்தகங்களிலும் இத்தகைய பயிற்சியை ஏற்பாடு செய்ய விரும்பும் மருத்துவர்களுக்கும் தாதியருக்கும் இதை எழுதுகிறேன். பாடம் உங்கள் மருந்தகத்தின் சொந்தக் கோப்புகளிலிருந்து தொடங்க வேண்டும் என்பதும், அதிலும் அதே குறையோடு நோயாளி இரண்டாம் முறை வந்த நாளிலிருந்து தொடங்க வேண்டும் என்பதும் என் அனுபவத்தில் நான் உறுதியாக நம்பும் செய்தி.

கோப்புகளிலிருந்து தொடங்குதல்

பயிற்சிக்கு வரும் ஒவ்வொரு மருத்துவரையும், பிற்பாடு புற்றுநோய் உறுதியான தம் நோயாளி ஒருவரின் கோப்பை எடுத்து, உறுதியானதற்கு முந்தைய 12 மாதங்களில் அவர் மருந்தகத்துக்கு வந்த நாள்களை ஒரே தாளில் வரிசையாக எழுதிவரச் சொல்லுங்கள். பெயர், அடையாள அட்டை எண், முகவரி, வேலையிடம் எதுவும் தாளில் இருக்கக் கூடாது. சிறிய வட்டாரத்தில் வயதும் தொழிலும் சேர்ந்தாலே ஆள் தெரிந்துவிடும் என்பதால் அவற்றையும் பொதுவாகவே குறிக்கச் சொல்லுங்கள். வகுப்பில் கேட்க வேண்டிய கேள்வி, யார் தவறவிட்டார் என்பதன்று. எந்த வருகையில் இன்னும் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம் என்பதே கேள்வி.

முதல் தாளை நடத்துபவரே வைக்க வேண்டும். நான் வழக்கமாக வைப்பது, ஐம்பது வயதைக் கடந்த ஓர் ஆடவரின் தாள். அசதி என்று வந்தார்; ரத்தப் பரிசோதனையில் இரும்புச்சத்துக் குறைவால் ஏற்பட்ட ரத்தசோகை தெரிந்தது; இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தேன். மூன்று மாதத்தில் ஹீமோகுளோபின் ஏறியது, அவருக்கும் மகிழ்ச்சி, எனக்கும் மகிழ்ச்சி. மாத்திரையை நிறுத்திய பிறகு மறுபடியும் இறங்கியபோதுதான் வயிறு, குடல் நிபுணரிடம் அனுப்பினேன்; பெருங்குடலின் வலப்பக்கத்தில் கட்டி இருந்தது. மாத்திரை ஹீமோகுளோபின் அளவைச் சரிசெய்ததே ஒழிய, ரத்தம் எங்கே போகிறது என்ற கேள்வியை மூடி மறைத்துவிட்டது. இதைச் சொல்லி முடித்ததும் அறையில் சிறிது நேரம் யாரும் பேசமாட்டார்கள். அதன் பின்னர் தங்கள் தாள்களைத் தயக்கமின்றி எடுப்பார்கள். ஆடவரிடமும் மாதவிடாய் நின்ற பெண்களிடமும் இரும்புச்சத்துக் குறைபாட்டு ரத்தசோகை தெரிந்தால், மாத்திரை தொடங்கும் நாளிலேயே குடல் பரிசோதனைக்கும் வழி செய்ய வேண்டும் என்ற விதி அதன் பிறகு மறப்பதில்லை.

உறுப்புவாரியாக வேண்டாம், குறைவாரியாக

நுரையீரல், மார்பகம், கல்லீரல் என்று உறுப்புவாரியாகப் பாடம் பிரிப்பது நிபுணருக்கு வசதி. மருந்தகத்தில் நோயாளி உறுப்பின் பெயரைச் சொல்லிக்கொண்டு வருவதில்லை. ஆகவே இருமல், ரத்தம், வீக்கம், எடைக்குறைவு, விழுங்க முடியாமை எனக் குறைகளின் பெயரிலேயே பாடங்களை அமையுங்கள். சிங்கப்பூருக்கு உரிய சில செய்திகளை அழுத்திச் சொல்வது அவசியம். தென்சீன வம்சாவளியினரிடையே மூக்குத்தொண்டைப் புற்றுநோய் அதிகம் என்பதால், பெரியவர் ஒருவருக்கு ஒரே காது மட்டும் அடைத்துக்கொண்டு விடாமல் இருந்தாலோ, கழுத்தில் வலியற்ற கட்டி தோன்றினாலோ, மூக்கை உறிஞ்சித் துப்பும்போது ரத்தக் கீற்று தெரிந்தாலோ காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். புகைபிடிக்காத ஆசியப் பெண்களுக்கும் நுரையீரல் புற்றுநோய் வருகிறது. 'அவர் சிகரெட் தொட்டதே இல்லை' என்ற வரி கோப்பில் கண்டதும் மனம் சமாதானமடைந்துவிடக் கூடாது. மார்பு எக்ஸ்ரே தெளிவாக இருப்பதும் முடிவான விடையாகாது. கல்லீரல் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய ஹெப்படைட்டிஸ் பி கிருமிக்கான தடுப்பூசி இங்கு எல்லாப் பச்சிளங்குழந்தைகளுக்கும் 1987 முதல் போடப்பட்டுவருகிறது. அதற்கு முன் பிறந்த தலைமுறையில் கிருமியைச் சுமப்பவர்கள் இன்னும் உள்ளனர், அவர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை கல்லீரல் அல்ட்ராசவுண்டும் ரத்தப் பரிசோதனையும் நடக்கின்றனவா என்று பார்ப்பது குடும்ப மருத்துவரின் கடமை.

நம்மவர்களிடையே வாய்ப் புற்றுநோயைத் தனியாகப் பேச வேண்டும். மெல்லும் புகையிலையின் விற்பனை இங்கு தடைசெய்யப்பட்டிருந்தாலும், தேக்காவில் (லிட்டில் இந்தியா) வெற்றிலையும் பாக்கும் கிடைக்கின்றன. புகையிலை சேர்க்காத வெற்றிலை பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்பது பலருக்கு, சில மருத்துவர்களுக்கும்கூட, வியப்பாக இருக்கிறது. மூன்று வாரத்துக்கு மேல் ஆறாத வாய்ப்புண்ணையும், வாயில் வெள்ளை அல்லது சிவப்புத் திட்டையும், வாய் திறக்க முடியாமல் இறுகுவதையும் கைவிளக்கோடு பார்க்கும் பயிற்சியை, வகுப்பிலேயே ஒருவர் மற்றவர் வாயைப் பார்த்துச் செய்யலாம்.

'சோறு இறங்கவில்லை'

தமிழ் பேசும் மூத்த நோயாளிகளின் சொற்களுக்கென்று ஒரு மணி நேரம் ஒதுக்குவது நல்ல செலவு. 'சோறு இறங்க மாட்டேங்குது டாக்டர்' என்று ஒரு பாட்டி சொன்னால் அதற்குப் பசியில்லை என்றும் பொருள், உணவு தொண்டையிலோ நெஞ்சிலோ நிற்கிறது என்றும் பொருள். இரண்டுக்கும் போகும் பாதை வேறு. பின்னதென்றால் உணவுக்குழாயைப் பார்க்காமல் விடக் கூடாது. மொழிபெயர்க்கும் மருந்தக உதவியாளர் அவசரத்தில் 'பசியில்லையாம்' என்று சொல்லிவிட்டால் அந்தப் பாதை அங்கேயே அடைபடும். எனவே 'பசி எடுக்கலையா, இல்ல பசி எடுத்தும் முழுங்க முடியலையா? தண்ணி இறங்குதா? கஞ்சி இறங்குதா?' என்று அடுத்தடுத்துக் கேட்கும் முறையை வாய்விட்டுச் சொல்லிப் பழக வேண்டும். மாதவிடாய் நின்று பல ஆண்டுகள் கழித்து ரத்தம் பட்டதை, 'தீட்டு திரும்ப வந்திருக்கு' என்று கூச்சத்தோடும், சில சமயம் சிரிப்போடும் சொல்லும் பெண்கள் உண்டு. அதைக் கேட்டவுடன் பெண்நோய் மருத்துவருக்குக் கடிதம் எழுத வேண்டும். இப்பாடத்தை மருத்துவர்களுக்கு மட்டும் நடத்துவது வீண். முகப்பில் அமர்ந்திருப்பவரும் தாதியும் இருந்தே ஆக வேண்டும்.

பரிசோதனைக் குழாயும் தவறான சிக்கனமும்

குடியிருப்பாளர்களைக் குடும்ப மருத்துவரோடு இணைக்கும் ஹெல்தியர் எஸ்ஜி திட்டம் 2023 ஜூலையில் தொடங்கியதிலிருந்து, பரிந்துரைக்கப்பட்ட முன்பரிசோதனைகளைப் பற்றிய கேள்விகள் குடும்ப மருந்தகத்துக்கே முதலில் வருகின்றன. 50 வயதிலிருந்து ஆண்டுதோறும் மலத்தில் மறைந்திருக்கும் ரத்தத்தைக் காணும் எஃப்ஐடி பரிசோதனை, பெண்களுக்கு 50 முதல் 69 வயதுவரை ஈராண்டுக்கு ஒருமுறை மெமோகிராம் (மார்பக எக்ஸ்ரே), கருப்பைவாய்ப் புற்றுநோய்க்காக 25 முதல் 29 வயதுவரை மூவாண்டுக்கு ஒருமுறை பாப் ஸ்மியர், 30 வயதிலிருந்து ஐந்தாண்டுக்கு ஒருமுறை எச்பிவி பரிசோதனை என்ற அட்டவணையைச் சுவரில் ஒட்டிவிட்டால் போதும். அதற்கு வகுப்பு நேரத்தைச் செலவிட வேண்டாம்.

நேரத்தை எஃப்ஐடி குழாயைக் கையில் பிடிப்பதில் செலவிடுங்கள். மூடியைத் திருகி, அதனோடு வரும் குச்சியின் வரிப்பள்ளம் உள்ள நுனியால் மலத்தின் மேற்பரப்பைப் பல இடங்களில் சுரண்ட வேண்டும்; பள்ளம் நிறைந்தால் போதும், அள்ளி அடைக்கக் கூடாது; மலம் கழிவறைத் தண்ணீரில் படுவதற்கு முன் எடுக்க வேண்டும்; இரண்டாவது குழாயை வேறொரு நாள் பயன்படுத்த வேண்டும். வேர்க்கடலை வெண்ணெயை ஒரு தட்டில் தடவி உதவியாளர்களைச் செய்துபார்க்கச் சொன்னால், சிரித்துக்கொண்டே கற்றுக்கொள்வார்கள், அடுத்த வாரம் முகப்பில் ஓர் அங்கிளுக்கு அதே சிரிப்போடு விளக்குவார்கள்.

இங்கே இரண்டு தவறுகளை வேரோடு பிடுங்க வேண்டும். ஒரு குழாயில் ரத்தம் தெரிந்து மற்றொன்றில் தெரியாவிட்டால், 'இன்னொரு முறை செய்து பார்ப்போம்' என்று சொல்வது முதல் தவறு. எந்தக் குழாயில் தெரிந்தாலும் அடுத்த படி கொலோனோஸ்கோப்பிதான் (பெருங்குடலைக் குழாய்க் கேமராவால் பார்ப்பது). ஏற்கெனவே ரத்தப்போக்கோ மலம் கழிக்கும் பழக்கத்தில் மாற்றமோ உள்ளவருக்கு எஃப்ஐடி குழாயைக் கொடுத்து அனுப்புவது இரண்டாவது தவறு. அது குறையில்லாதவருக்கான சோதனை; குறையுள்ளவருக்கு நேரடியாகப் பரிந்துரைக் கடிதம் வேண்டும். கடிதத்தில் 'தயவுசெய்து பார்க்கவும்' என்ற ஒற்றை வரி போதாது. குறை எத்தனை வாரமாக உள்ளது, எடை எவ்வளவு குறைந்தது, குடும்பத்தில் யாருக்கு என்ன நோய் என்பவை இருந்தால்தான் மறுமுனையில் இருப்பவர் அவசரத்தை உணர்வார்.

மகனின் வேண்டுகோள்

முடிவைத் தெரிவிக்கும் பயிற்சிக்கு நடிப்பைவிடச் சிறந்த முறை இல்லை. ஒருவர் மருத்துவர், ஒருவர் தாய், ஒருவர் மகன். மகன் கதவருகே நின்று, 'அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க டாக்டர், தாங்க மாட்டாங்க' என்கிறார். மறுத்துப் பேசினால் அவர் முகம் இறுகிவிடும், ஒப்புக்கொண்டால் நோயாளியின் உரிமை போய்விடும். 'உங்க கவலை புரியுதுங்க. அம்மா எவ்வளவு தெரிஞ்சுக்க விரும்புறாங்கன்னு அவங்ககிட்டயே கேட்டுக்கலாம், நீங்களும் பக்கத்துலயே இருங்க' என்ற நடுவழியைப் பலமுறை சொல்லிப் பார்க்க வேண்டும். பெரும்பாலான தாய்மார்கள் ஏற்கெனவே ஊகித்திருப்பார்கள் என்பது நடித்துப் பார்த்தவர்களுக்கு விரைவில் விளங்கிவிடும்.

மீண்டோரின் பராமரிப்பு

பயிற்சியில் பாதியை இதற்கு ஒதுக்கச் சொன்னால் ஏற்பாட்டாளர்கள் முகம் சுளிப்பார்கள், நான் விடுவதில்லை. நோயைக் கண்டுபிடிக்கும் தருணம் ஒரு மருத்துவருக்கு ஆண்டில் சில முறையே வரும். சிகிச்சை முடித்தவர்களோ ரத்தக்கொதிப்புக்கும் நீரிழிவுக்கும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதே நாற்காலியில் வந்து அமர்கிறார்கள். அவர்கள் எந்த மருந்து பெற்றார்கள் என்பது பல நேரம் நமக்குத் தெரியாது. தேசிய மின்னியல் சுகாதாரப் பதிவேட்டில் தேடினால் ஓரளவு கிடைக்கும். இருந்தாலும் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கச் சுருக்கம் எழுதும் பயிற்சி வேண்டும்: நோயும் நிலையும், அறுவை சிகிச்சை, மருந்துகளின் பெயர், கதிர்வீச்சு பட்ட இடம், இன்னும் எத்தனை ஆண்டு மாத்திரை, எந்தச் சோதனையை மருத்துவமனை செய்யும், எதை நாம் செய்வோம்.

அந்தப் பக்கத்திலிருந்து பாடம் தானாக விரியும். டாக்சோருபிசின் அல்லது டிராஸ்டுசுமாப் என்ற புற்றுநோய் மருந்தைப் பெற்றவருக்கு மூச்சிரைத்தால் ஆஸ்துமா என்று முடிவு கட்டுமுன் இதயத்தை நினைக்க வேண்டும். மார்பகப் புற்றுநோய்க்கான தமோக்சிஃபென் மாத்திரை எடுப்பவருக்கு மாதவிடாய் நின்றபின் ரத்தம் பட்டால் கருப்பை உட்சுவரைப் பார்க்க வேண்டும். மனச்சோர்வுக்குப் பராக்சிட்டின் கொடுத்தால் தமோக்சிஃபெனின் பயன் குறையக்கூடும். மார்பகப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் அரோமட்டேஸ் தடுப்பு மருந்தும், ஆண் ஹார்மோனை அடக்கும் புராஸ்டேட் சிகிச்சையும் எலும்பை மெலிக்கும். கழுத்தில் கதிர்வீச்சு பெற்றவருக்குத் தைராய்டு குறையலாம். அவர் பல் பிடுங்கப் போனால், கதிர்வீச்சு பெற்றதைப் பல் மருத்துவரிடம் சொல்லாமல் போகக் கூடாது. ஆக்ஸாலிபிளாட்டின் என்ற கீமோதெரப்பி மருந்தைப் பெற்றவர் விரல் மரத்துப்போவதைச் சொன்னால் அதை நீரிழிவின் கணக்கில் எழுதிவிடுவது எளிது. நோய் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் புதிய சிகிச்சை பெற்றவருக்கு வயிற்றுப்போக்கு வந்தால், அதை நிறுத்தும் மாத்திரையோடு அனுப்பாமல் புற்றுநோய்க் குழுவை அழைக்க வேண்டும்.

கீமோதெரப்பி நடந்துகொண்டிருக்கும் நோயாளியின் மகள் மாலையில் அழைத்து, 'அப்பாவுக்கு 38.2 காய்ச்சல்' என்றால், முகப்பில் இருப்பவர் மறுநாள் நேரம் ஒதுக்கக் கூடாது, உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அனுப்ப வேண்டும். இந்த ஒரு வரியைத் தொலைபேசியின் பக்கத்திலேயே ஒட்டிவையுங்கள்.

முள்சீத்தா இலைக் கஷாயம், மஞ்சள் மாத்திரை, சீன மூலிகை ஆகியவற்றைப் பற்றியும் பாடத்தில் பேச வேண்டும். 'இதெல்லாம் வேண்டாம்' என்று அதட்டினால் நோயாளி நிறுத்தமாட்டார், சொல்வதை மட்டும் நிறுத்திவிடுவார். என்ன, எவ்வளவு, எப்போதிலிருந்து என்று கேட்டுக் கோப்பில் எழுதுவதே முதல் வேலை. மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட ஓர் ஆன்ட்டி, குறை ஏதுமில்லாதபோது 'ஃபுல் பாடி ஸ்கேன்' கேட்டால், ஆண்டுதோறும் மெமோகிராமும் உடல் பரிசோதனையுமே போதுமானவை, கூடுதல் ஸ்கேனும் புற்றுநோய்க் குறியீட்டு ரத்தச் சோதனைகளும் அச்சத்தையே கூட்டும் என்று பொறுமையாக விளக்கத் தெரிய வேண்டும்.

நேரமும் கணக்கும்

இரவு ஒன்பது மணிக்கு மேல் வகுப்பு வைக்காதீர்கள். மருந்தகம் மூடியிருக்கும் மதிய இடைவேளையில் ஒரு மணி நேரம், ஆறு வாரம், பசிக்கு ஒரு பிரியாணிப் பொட்டலம் என்பது நடைமுறைக்கு ஒத்துவரும். தொடர்கல்விப் புள்ளிகளுக்கு முன்கூட்டியே விண்ணப்பித்துவிடுங்கள், இல்லாவிட்டால் கடைசி வாரம் நாற்காலிகள் காலியாக இருக்கும். வகுப்பு முடிவில் 'பயனுள்ளதாக இருந்ததா' என்று தாள் நிரப்பச் சொல்வதில் எனக்கு நம்பிக்கையில்லை. பிரியாணி நன்றாக இருந்தால் மதிப்பெண்ணும் நன்றாக இருக்கும். மூன்று மாதம் கழித்துக் கோப்புகளைத் திறந்து, எஃப்ஐடியில் ரத்தம் தெரிந்தவர்களில் எத்தனை பேருக்குக் கொலோனோஸ்கோப்பி நடந்து முடிந்தது, எத்தனை மீண்டோருக்கு ஒரு பக்கச் சுருக்கம் உள்ளது என்று எண்ணுங்கள். அவை நடக்காதவர்களின் கோப்பு எண்களை முகப்பிலுள்ள நோட்டுப் புத்தகத்தில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அழைக்கப்போகும் உதவியாளரின் பெயரையும் கிழமையையும் குறித்துவையுங்கள்.