பிளஸ் டூ ரிசல்ட் வந்தாச்சா? சீட் வாங்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

ரிசல்ட் வந்தால் போதும், வட சென்னையின் வண்ணாரப்பேட்டை, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி வீடுகளில் போன் அடிக்க ஆரம்பித்துவிடும். "ரெண்டு சீட்டுதான் இருக்கு, அட்வான்ஸ் கட்டிடுங்க" என்பார்கள், தனியார் கல்லூரிகளுக்கு ஆள் சேர்ப்பவர்கள். உடனே பணம் கட்டுவதுதான் பெரிய தவறு.

ஏனென்றால், ஒரே பொறியியல் வகுப்பில் பக்கத்துப் பக்கத்தில் உட்காரும் இருவர் ஒரே கட்டணம் கட்டுவதில்லை. எந்த வழியாகச் சேர்ந்தார்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு 2021 முதல் பொறியியலுக்கும் உண்டு. அதில் சேர்ந்தால் படிப்பு, விடுதிச் செலவு அரசுடையது. குடும்பத்தில் முதல் பட்டதாரியாகப் போகிறவருக்குக் கட்டணச் சலுகையும் இருக்கிறது. இரண்டுமே அரசு நடத்தும் கலந்தாய்வு வழியாக வருபவர்களுக்குத்தான். கல்லூரியே நேரடியாக நிரப்பும் நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் இரண்டும் போச்சு. போன் செய்பவர் இதைச் சொல்லவே மாட்டார். அவர் சொல்லும் தொகையில் பஸ் கட்டணம் சேர்ந்திருக்கிறதா என்றும் கேளுங்கள். திருவள்ளூர் பக்கம் இருக்கும் கல்லூரிக்குத் தினமும் போய்வர அது தனிச் சுமை. ஒரிஜினல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு (யூஜிசி) 2018-லேயே சொல்லிவிட்டது.

அடுத்தது, அரசுக் கல்லூரி என்றாலே முகம் சுளிப்பது. பிராட்வே பாரதி மகளிர், வியாசர்பாடி அம்பேத்கர், ஆர்.கே. நகர், கும்மிடிப்பூண்டி ரயிலில் போனால் பொன்னேரி உலகநாத நாராயணசாமி என்று கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கின்றன. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்கு வரும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் என்று புதுமைப் பெண் திட்டத்தை 2022-ல் தொடங்கியதே பாரதியில்தான். ஒரே ஆன்லைன் விண்ணப்பத்தில் பல கல்லூரிகளைக் குறிக்கலாம், ஒன்றோடு நிறுத்தாதீர்கள். பிரவுசிங் சென்டர்காரரின் நம்பரைக் கொடுத்துவிட்டு வருகிறவர்களும் உண்டு. அப்புறம் கலந்தாய்வுக்குக் கூப்பிடும் மெசேஜ் அவருக்குத்தான் போகும்!

அரசு உதவி பெறும் கல்லூரியில் சேர்ந்தால், கிடைத்தது உதவி பெறும் பிரிவா, அரசு உதவி இல்லாத சுயநிதிப் பிரிவா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பெயர்ப் பலகை ஒன்றுதான், ஃபீஸ் வேறு.

மார்க் குறைந்தால் கதை முடிந்தது என்பதும் சரியில்லை. பாலிடெக்னிக் டிப்ளமோ முடித்தவர்கள் நேரடியாக பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரலாம்.

முதல் பட்டதாரி, வருமானம், சாதிச் சான்றிதழ்களை ரிசல்ட்டுக்கு முன்பே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிடுங்கள். ஜூனில் போனால் கூட்டம் தாங்காது.