ஸ்டைலை அணைத்துவிட்டு ஒருமுறை படித்துப் பாருங்கள்

புதுமையாக ஓர் இணையதளம் வடிவமைக்க உட்கார்ந்தால் பலரும் டிவ் (தனக்கென்று பொருள் இல்லாத வெறும் பெட்டி டேக்) மேல் டிவ் அடுக்கித்தான் தொடங்குகிறார்கள். வேண்டாம். முதலில் ஹெடர், நாவ், மெயின், ஆர்ட்டிகிள், ஃபுட்டர் என்று பொருளுக்கேற்ற டேக்குகளில் பக்கத்தின் உள்ளடக்கத்தையும் கட்டமைப்பையும் சொல்லும் எச்டிஎம்எல்லை மட்டும் எழுதுங்கள். அப்புறம் ஃபயர்பாக்ஸில் வியூ மெனு, பேஜ் ஸ்டைல், நோ ஸ்டைல். (விண்டோஸில் மெனு தெரியாவிட்டால் ஆல்ட் விசையை அழுத்துங்கள்.) அலங்காரமே இல்லாத அந்தப் பக்கம் மேலிருந்து கீழாகப் படிக்கக் கோர்வையாக இருந்தால், அடித்தளம் சரி.

இனி, தோற்றத்தை அமைக்கும் சிஎஸ்எஸ்ஸில் எவ்வளவு வேண்டுமானாலும் விளையாடலாம். 2003இல் டேவ் ஷே தொடங்கிய சிஎஸ்எஸ் ஜென் கார்டன் என்ற தளம் காட்டியது இதைத்தான்: எச்டிஎம்எல் ஒன்றே, ஸ்டைல்ஷீட்டை (சிஎஸ்எஸ் கோப்பை) மாற்றினால் பக்கமே அடையாளம் தெரியாது. அன்று பகுதிகளைப் பக்கவாட்டில் ஒதுக்கும் ஃப்ளோட் என்ற சிஎஸ்எஸ் பண்போடு மல்லுக்கட்டினார்கள். 2017இல் முக்கிய பிரவுசர்களுக்கு வந்த கிரிட் (பக்கத்தைக் கட்டங்களாகப் பிரித்து அடுக்கும் சிஎஸ்எஸ் முறை), அதே வேலையைச் சில வரிகளில் முடித்துவிடுகிறது. கிரிட்-டெம்ப்ளேட்-ஏரியாஸ் என்ற பண்பில் பகுதிகளுக்குப் பெயர் வைத்துவிட்டால், மொபைலுக்கு ஓர் அமைப்பு, பெரிய திரைக்கு வேறொன்று என்று மாற்றுவது சுலபம்.

ஒன்றில் மட்டும் கவனம். கிரிட்டும், சிஎஸ்எஸ்ஸின் ஆர்டர் என்ற பண்பும் கண்ணுக்குத் தெரியும் வரிசையைத்தான் மாற்றும். டேப் விசையும், பார்வையற்றோருக்குப் பக்கத்தை வாசித்துக் காட்டும் ஸ்கிரீன் ரீடரும் பொதுவாக எச்டிஎம்எல் வரிசையிலேயே போகும். லிங்க், பட்டன்களை இடம் மாற்றியிருந்தால், மவுஸைத் தொடாமல் டேப்பை அழுத்தியே பக்கம் முழுக்கப் போய்ப் பாருங்கள்.