கோமாளி மீன் தொட்டியில் கடல் சாமந்தியைக் குடியேற்றும் முறை

ஒரு ஜோடி கோமாளி மீன்கள் தொட்டியில் நன்றாகத் தேறிவிட்டால், அவற்றுக்கு ஒரு கடல் சாமந்தி வாங்கித் தர வேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் வருகிறது. கடைகளில் 'அனிமோன்' என்று கேட்டால் கிடைக்கும் உயிர் அதுதான். அதை வாங்குவதற்கு முன் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். கடலில் கோமாளி மீனை விழுங்கப் பெரிய மீன்கள் காத்திருப்பதால், கொட்டும் தன்மையுள்ள சாமந்தியின் விரல்களுக்கு நடுவே அது ஒளிந்து வாழ்கிறது. வீட்டுத் தொட்டியில் அந்த ஆபத்து இல்லை என்பதால், சாமந்தி இல்லாமலேயே அது பல ஆண்டுகள் நலமாக வாழ்ந்து முட்டையும் இடும். ஆகவே சாமந்தியை மீனுக்கான படுக்கையாக நினைக்கக் கூடாது. மீனைவிட அதிகக் கவனம் கேட்கும் இன்னொரு விலங்கைப் பொறுப்பேற்கிறோம் என்று நினைத்தே வாங்க வேண்டும்.

கோமாளி மீன்களுக்கு இயற்கையில் இடம் தருபவை பத்து வகைச் சாமந்திகள் மட்டுமே. அவற்றுள் வீட்டில் வளர்க்க ஏற்றது, விரல் நுனிகள் குமிழ்போல் உப்பி நிற்கும் 'பபிள் டிப்' வகை. தக்காளி கோமாளியும் மெரூன் கோமாளியும் கடலிலேயே இதில்தான் வாழ்கின்றன. நம் கடைகளில் அதிகம் விற்கும் ஆரஞ்சு நிற ஒசெல்லாரிஸ் கடலில் இதை நாடுவதில்லை. ஆனாலும் தொட்டியில் பெரும்பாலும் ஏற்றுக்கொள்கிறது. நம் மன்னார் வளைகுடாவில் உள்ள செபே கோமாளியின் இயற்கை வீடு, மணலில் விரிந்து கிடக்கும் ஹேடன் கம்பளச் சாமந்தி. அது மிகப் பெரிதாக வளர்வதோடு, அருகில் வரும் மற்ற மீன்களைப் பிடித்துத் தின்றும் விடும் என்பதால், முதல் முறை வளர்ப்பவருக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். மலிவாகக் கிடைக்கும் காண்டிலாக்டிஸ் கரீபியன் பகுதியைச் சேர்ந்தது. கோமாளி மீன்களே இல்லாத கடலிலிருந்து வந்த உயிர் அது.

அடுத்தது தொட்டியின் வயது. குறைந்தது ஆறு மாதம், முடிந்தால் ஓர் ஆண்டு ஓடிய தொட்டியில்தான் சாமந்தியை விட வேண்டும். புதிய தொட்டியில் சோதனைக் கருவிகள் எல்லாம் நல்ல எண்களைக் காட்டினாலும், கற்களில் வாழும் நுண்ணுயிர்கள் நிலைபெற்றிருக்காது; நாளுக்கு நாள் நீரின் தன்மை ஆடும். மீன் அந்த ஆட்டத்தைத் தாங்கும், சாமந்தி தாங்காது. என் முதல் சாமந்தியை மூன்றே மாதமான தொட்டியில், நீரோட்டத்தை உண்டாக்கும் வேவ்மேக்கருக்கு மூடி போடாமல் விட்டேன். நான்காம் நாள் காலையில் எழுந்து பார்த்தபோது, தொட்டித் தண்ணீர் அரிசி களைந்த நீர்போல் வெளுத்திருந்தது. வேவ்மேக்கரின் கம்பி இடுக்குகளில் அதன் விரல்கள் துண்டு துண்டாகச் சிக்கியிருந்தன. அன்று மீன்களைக் காப்பாற்றப் பாதித் தண்ணீரை மாற்றி, நீரைச் சுத்தப்படுத்தும் கார்பன் புதிதாகப் போட்டு, இரவு வரை அம்மோனியாவை அளந்துகொண்டே இருந்தேன். அந்தச் சாமந்தி இறந்ததற்கு என் அவசரமே காரணம். அதனால்தான் தொட்டியின் வயதையும் மூடியையும் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

நீரின் அளவுகள் இவை: உப்பு அடர்த்தி 1.025 முதல் 1.026 வரை, வெப்பம் 25 முதல் 27 டிகிரி செல்சியஸ், பி.எச். 8.1 முதல் 8.4 வரை, ஆல்கலினிட்டி (அமிலத்தைச் சமன் செய்யும் திறன்) 8 முதல் 10 டி.கே.எச். என்ற அலகில், கால்சியம் 400 முதல் 450 பி.பி.எம். (பத்து லட்சத்தில் பங்கு). அம்மோனியாவும் நைட்ரைட்டும் அறவே இருக்கக் கூடாது. நைட்ரேட் 10 பி.பி.எம்.-க்குள் இருந்தால் நல்லது. அதை அடியோடு பூஜ்யமாக்கவும் வேண்டியதில்லை. இந்த எண்களை எட்டுவதைவிட, எட்டிய இடத்தில் அசையாமல் வைத்திருப்பதே கடினம். சென்னைக் கோடையில் தொட்டியிலிருந்து தினமும் கணிசமான தண்ணீர் ஆவியாகும். உப்பு மட்டும் பின்தங்கிவிடுவதால் அடர்த்தி ஏறும். ஆகவே ஆவியான அளவை உப்பில்லாத நல்ல தண்ணீரால் தினமும் ஈடு செய்ய வேண்டும். குடிநீருக்காக வீட்டில் மாட்டியிருக்கும் ஆர்.ஓ. இயந்திரத்தின் நீர் இதற்குப் போதாது. சுவைக்காகப் பல இயந்திரங்கள் சிறிது மூல நீரையோ தாதுக்களையோ கலந்துவிடுகின்றன. நீரில் கரைந்திருப்பவற்றை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் பூஜ்யம் காட்டும்வரை, எஞ்சிய தாதுக்களை நீக்கும் ரெசின் வடிகட்டி வழியாகவும் செலுத்திய நீரே வேண்டும். அறையில் ஏ.சி. ஓடாத நேரங்களுக்கு, நீரைக் குளிர்விக்கும் சில்லர் தேவைப்படும். மின்வெட்டுக்கு வேவ்மேக்கரை இன்வெர்ட்டரில் இணைத்துவிடுவது நல்லது. தொட்டியில் எப்போதாவது செம்பு கலந்த மருந்து பயன்படுத்தியிருந்தால், அங்கே சாமந்தியை விடவே கூடாது.

சாமந்தியின் உடலுக்குள் ஒருசெல் பாசிகள் வாழ்கின்றன. அவை ஒளியைக் கொண்டு தயாரிக்கும் உணவே அதற்குப் பெரும்பகுதிச் சாப்பாடு என்பதால், பவளத்தை வளர்க்கத்தக்க நல்ல எல்.இ.டி. விளக்கு இன்றியமையாதது. வெறும் மீன் தொட்டிக்கான விளக்கில் அது வாரக்கணக்கில் மெல்ல மெல்லப் பட்டினியாகி வெளுக்கும். நீரோட்டம் மிதமாகவும் திசை மாறி மாறி அடிப்பதாகவும் இருக்க வேண்டும். எல்லா வேவ்மேக்கர்களுக்கும் பஞ்சு அல்லது வலை மூடி போட்டு, வழிந்தோடும் வாய்க்கும் வலை கட்டி, ஹீட்டர் இருந்தால் அதற்கும் கூண்டு போட்ட பிறகே கடைக்குக் கிளம்ப வேண்டும். சாமந்தி தன் அடிப்பாகத்தைப் பதிக்க ஆழமான இடுக்குள்ள கல் ஒன்றும் வேண்டும். ராமேசுவரம் பக்கத்துப் பவளக் கல் என்று யாரேனும் விற்றால் வாங்கக் கூடாது; 2001 முதல் அந்தப் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. செயற்கையாகச் செய்த கற்களே போதும்.

கடையில் பார்த்தவுடன் வாங்கிவிடாமல், ஓரிரு நாள் இடைவெளியில் இரண்டு முறையேனும் போய்ப் பார்க்க வேண்டும். வாய் இறுக மூடியிருக்க வேண்டும், விரல்கள் ஒட்டும் தன்மையோடு இருக்க வேண்டும், அடி எங்கேனும் பற்றியிருக்க வேண்டும். தூய வெள்ளையாக, கண்ணாடிபோல் தெரிந்தால் அது அழகல்ல. உள்ளிருந்த பாசியை இழந்துவிட்டது என்று பொருள். பளீரென்ற மஞ்சள் நிறம் பெரும்பாலும் சாயம். கல்லில் ஒட்டியிருப்பதைக் கடைக்காரர் இழுத்துப் பிய்த்தால், அந்தச் சாமந்தியை விட்டுவிட வேண்டும். அடிப்பாகம் கிழிந்த சாமந்தி பிழைப்பது அரிது. முடிந்தால், இன்னொருவர் தொட்டியில் பிரிந்து பெருகிய சாமந்தியைக் கேட்டு வாங்குவது எல்லாவற்றிலும் சிறந்தது. இது நெடுநாள் வாழும் இனம் என்பதும் நினைவில் இருக்கட்டும். ஸ்காட்லாந்து இயற்கை ஆய்வாளர் ஜான் டால்யெல் 1828-இல் ஸ்காட்லாந்துக் கரையில் எடுத்து வளர்த்த வேறு வகைச் சாமந்தி ஒன்று, அவர் காலத்துக்குப் பிறகும் பலர் பராமரிப்பில் 1887 வரை உயிரோடு இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் பையைத் தொட்டியில் இருபது நிமிடம் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமன் செய்ய வேண்டும். பிறகு சாமந்தியை ஒரு வாளிக்கு மாற்றி, மெல்லிய குழாயில் முடிச்சிட்டுத் தொட்டி நீரைச் சொட்டுச் சொட்டாக ஒன்றரை மணி நேரம் விட வேண்டும். வந்த தண்ணீரைத் தொட்டியில் ஊற்றக் கூடாது. கையுறை அணிந்து, சாமந்தியை அடியோடு ஏந்தி, வேவ்மேக்கர்களை நிறுத்திவிட்டு, தேர்ந்த இடுக்கில் அடி படும்படி வைக்க வேண்டும். அரை மணி முதல் ஒரு மணி நேரத்தில் அது பற்றிக்கொள்ளும். அதன் பின் நீரோட்டத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டலாம். முதல் இரண்டு வாரம் விளக்கைப் பாதி ஒளியில் தொடங்கி உயர்த்துவது நல்லது.

நாம் வைத்த இடத்தில் அது நிற்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. ஒளியும் நீரோட்டமும் பிடிக்கும் இடம் கிடைக்கும்வரை அது நகரும். வழியில் உள்ள பவளங்களைக் கொட்டும். இடத்தை மாற்றி மாற்றி வைத்தால் அது இன்னும் அலையும், ஆகையால் பவளத்தை நகர்த்துங்கள், சாமந்தியை நகர்த்தாதீர்கள். சில நாள் சுருங்கிப்போய்ப் பழுப்புநிறக் கழிவை வாய் வழியாகத் துப்புவதும் இயல்பே. சில மணி நேரத்திலோ மறுநாளிலோ மீண்டும் விரிந்தால் கவலை வேண்டாம்.

மீன்கள் எப்போது சேரும் என்பதற்கு விதி கிடையாது. ஒரு மணி நேரத்தில் புகுந்தவையும் உண்டு, மாதக்கணக்கில் திரும்பிப் பாராதவையும் உண்டு. என் தொட்டியில் பெரிய பெண் மீன் பதினோராம் நாள்தான் நெருங்கியது. முதலில் வாலின் நுனியால் ஒரு விரலைத் தொட்டுச் சட்டென்று விலகியது. திரும்பி வந்து வயிற்றை உரசியது. மாலைக்குள் உடல் முழுதையும் உள்ளே புரட்டிக்கொண்டிருந்தது. அதன் தோலின் சளிப் படலமே கொட்டுதலிலிருந்து காக்கிறது. சிறிய ஆண் மீனை அது இரண்டு நாள் அண்டவிடவில்லை. வலையால் பிடித்து உள்ளே தள்ளுவது, மீனுக்குக் காட்டத் தொட்டிக் கண்ணாடியில் சாமந்தியின் படம் ஒட்டுவது போன்ற வேலைகள் வேண்டாம். சாமந்தி சிறியதாக இருந்து மீன் பெரியதாக இருந்தால், ஓயாத உரசலில் அது விரியவே முடியாமல் போகும். குறைந்தது மீனின் நீளத்தைப் போல் இரண்டு மடங்கு அகலமாவது வேண்டும்.

ஒரு வாரம் கழித்து, நன்றாக விரிந்து நிற்கும்போது உணவு கொடுக்கலாம். தோல் நீக்கிய இறாலைச் சுண்டுவிரல் நகம் அளவுக்கு நறுக்கி, வாரம் ஒரு முறையோ இரு முறையோ நீண்ட இடுக்கியால் விரல்களில் மெதுவாகத் தொட்டுத் தர வேண்டும். பெரிய துண்டை விழுங்கி, மறுநாள் அழுகியபடி துப்பும் சாமந்திகளைப் பார்த்திருக்கிறேன். அது தொட்டியையும் கெடுக்கும்.

வாய் பிளந்து உள்ளுறுப்பு பிதுங்கி, அடி பிடிமானம் இல்லாமல் உருண்டு, ஓரங்கள் நூலாகக் கரைந்து, நீரிலிருந்து எடுத்தால் அழுகிய நாற்றம் வருமானால் அது இறந்துவிட்டது. தயங்காமல் அன்றே வெளியே எடுத்துவிட்டு, தண்ணீரை மாற்ற வேண்டும். சுருங்கியிருக்கும், ஆனால் வாய் மூடியே இருக்கிறது என்றால், உப்பையும் வெப்பத்தையும் அளந்து சரி பார்த்துவிட்டுப் பொறுத்திருங்கள். நலமாக இருக்கும் பபிள் டிப் ஒருநாள் நீண்டு, நடுவில் இளைத்து, தானாகவே இரண்டாகப் பிரியும். அந்த வாரம் உணவு கொடுக்காமல், இரு பாகங்களின் வாயும் காயம் ஆறி மூடும்வரை விட்டுவிட வேண்டும். பிறகு ஒன்றை, குறைந்தது ஆறு மாதம் ஓடிய தொட்டி வைத்திருக்கும் நண்பருக்கு அது பற்றியிருக்கும் கல்லோடு கொடுக்கலாம்.