மனக்காயத்திலிருந்து மீண்டு வருபவர்களுக்காக ஒரு கலைக்குழு நடத்துவது எப்படி?

விபத்து, வன்முறை, போர், வெள்ளம், வீட்டுக்குள்ளேயே நடந்த கொடுமை என எதிலிருந்தோ தப்பி வந்தவர்களுக்காக வாரம் ஒருமுறை ஓவியமோ தையலோ களிமண் வேலையோ நடத்தலாம் என்று யோசிக்கிறீர்களா? அவசியம் செய்யுங்கள். ஒன்றை மட்டும் முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்: வருபவரிடம் "உங்களுக்கு என்ன நடந்தது?" என்று நீங்களாகக் கேட்கக் கூடாது. பேசிவிட்டால் பாரம் இறங்கிவிடும் என்று நல்லெண்ணத்தோடுதான் பலரும் வற்புறுத்துகிறார்கள், ஆனால் பேரதிர்ச்சி நடந்த கையோடு உட்காரவைத்து எல்லாவற்றையும் கொட்டச் சொல்லும் முறை வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. அவராகச் சொல்ல வந்தால் கேளுங்கள். குழு நடக்கும் எல்லா வாரமும் வெறும் பூக்களையே வரைந்துவிட்டுப் போனாலும் சரி, அவர் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டார்.

சிலி நாட்டில் 1973 ராணுவப் புரட்சிக்குப் பிறகு, ராணுவ ஆட்சி பிடித்துப்போய்க் காணாமல் போனவர்களின் தாய்மார்களும் மனைவிமார்களும் தேவாலயத்தின் ஆதரவோடு கூடி உட்கார்ந்து, பழைய துணிகளை வெட்டிச் சாக்குத்துணியில் வைத்துத் தைத்துப் படங்கள் செய்தார்கள். அவை வெளிநாடுகளில் விற்று வீட்டுச் செலவுக்கும் உதவின. கையில் ஊசியும் நூலும் இருக்கும்போது யாரும் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை, வேண்டுமானால் துணியைப் பார்த்துக்கொண்டே ஒரு வார்த்தை சொல்லலாம், இல்லாவிட்டால் அடுத்த தையலைப் போடலாம். அந்தச் சுதந்திரம் உங்கள் அறையிலும் இருக்க வேண்டும்.

ஆறிலிருந்து பத்துப் பேர் போதும். நடத்துபவர்கள் இரண்டு பேராவது வேண்டும், அதில் ஒருவர் மனநலப் பயிற்சி உள்ளவராக இருந்தால் நல்லது. அப்படி யாரும் கிடைக்காவிட்டால், யாருக்காவது நிலைமை மோசமானால் எந்த மருத்துவரிடம், எந்த ஆலோசகரிடம் அனுப்புவது என்பதை முதல் வகுப்புக்கு முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் நடத்துவது சிகிச்சை இல்லை, அதை வருபவர்களிடமும் ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள்.

அறையைப் பொறுத்தவரை, வாசலுக்கு முதுகு காட்டி உட்கார வேண்டிய நாற்காலி ஒன்றுகூட இருக்கக் கூடாது, ஏனென்றால் பின்னால் யார் வருகிறார்கள் என்ற பதற்றத்தில் அவருக்கு வேறு எதுவும் ஓடாது. கதவைப் பூட்டாதீர்கள். ஒவ்வொரு வாரமும் அதே நேரம், அதே வரிசை. புதிதாக ஒருவர் வரப்போகிறார் என்றால் முந்தைய வாரமே சொல்லுங்கள். எழுந்து வெளியே போக யாரும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

இனி பொருட்கள். இதில்தான் கவனம் அதிகம் வேண்டும். கலர் பென்சில் நாம் இழுத்த இடத்தில் நிற்கும், தண்ணீர் கலந்த வண்ணம் தன் போக்கில் ஓடும், களிமண் கையோடு ஒட்டும். கையை மீறி ஓடும் பொருள் மனதையும் சட்டென்று கிளறிவிடலாம். அதனால் முதல் வாரங்களில் பென்சில், க்ரேயான், பழைய பத்திரிகைப் படங்களை வெட்டி ஒட்டுவது என்று ஆரம்பியுங்கள், அப்புறம் பிரஷ், களிமண்ணெல்லாம் கடைசியில். உடல்மீது வன்முறை நடந்தவர்களில் சிலருக்கு ஈரக் களிமண்ணின் வழவழப்பே தாங்காது, கை சுருங்குவதைப் பார்த்தாலே உங்களுக்குத் தெரிந்துவிடும். கையுறை, மரக்குச்சி, பக்கத்திலேயே துடைக்கத் துணி வையுங்கள், வேண்டாம் என்பவருக்கு வேறு வேலை தயாராக இருக்கட்டும். பத்திரிகைகளை முன்கூட்டியே புரட்டி, ரத்தமும் துப்பாக்கியும் உள்ள பக்கங்களை எடுத்துவிடுங்கள். கத்தரிக்கோலையும் ஊசியையும் எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குங்கள்.

"எனக்கு வரையவே வராது" என்று பலர் தயங்குவார்கள். 2016-இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில் 39 பேரை 45 நிமிடம் தங்களுக்குப் பிடித்த கலை வேலையைச் செய்யவிட்டபோது, முக்கால்வாசிப் பேருக்கு உமிழ்நீரில் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோன் குறைந்திருந்தது, முன்பே வரைந்து பழகியவரா இல்லையா என்பது பெரிய வித்தியாசத்தை ஏற்படுத்தவில்லை. அவர்கள் மனக்காயம் உள்ளவர்கள் என்று தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் இல்லை, அதனால் இதை வைத்து யாருக்கும் குணமாகிவிடும் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். தயங்குபவருக்குத் தைரியம் சொல்ல இது போதும்.

படத்துக்கு நீங்களாக அர்த்தம் சொல்லாதீர்கள். "ஏன் எல்லாம் கறுப்பு?" என்ற கேள்வியே ஒரு விசாரணை மாதிரிதான் விழும். "அழகா இருக்கு" என்பதும் வேண்டாம், அடுத்த வாரம் அவர் உங்களுக்குப் பிடித்த மாதிரி வரைய ஆரம்பித்துவிடுவார். "இந்தப் பக்கம் நிறைய நேரம் எடுத்துச் செய்திருக்கீங்க" என்று கண்ணில் பட்டதை மட்டும் சொல்லுங்கள்.

யாராவது திடீரென்று உறைந்துபோய் எங்கேயோ வெறித்துப் பார்த்தால் தொடாதீர்கள். கொஞ்சம் தள்ளி நின்று, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, இன்று என்ன கிழமை, எங்கே இருக்கிறோம் என்று நிதானமாகச் சொல்லுங்கள். பாதத்தைத் தரையில் அழுத்தச் சொல்லுங்கள், அறையில் தெரியும் ஐந்து பொருட்களின் பெயரைக் கேளுங்கள். மற்றவர்களை உங்களோடு சேர்ந்து நடத்துபவர் பார்த்துக்கொள்ளட்டும், இரண்டு பேர் வேண்டும் என்றது இதற்காகத்தான். வகுப்பின் கடைசிக் கால் மணி நேரத்தைப் பிரஷ் கழுவவும் மேசை துடைக்கவும் விட்டுவிடுங்கள், மனம் கிளர்ந்த நிலையில் யாரையும் தெருவுக்கு அனுப்பக் கூடாது.

கண்காட்சி வைக்கலாமா என்று நன்கொடையாளர்கள் கண்டிப்பாகக் கேட்பார்கள். படம் வரைந்தவருக்குச் சொந்தம், அவர் அதைக் கிழித்துப் போட்டாலும் அவர் இஷ்டம். சம்மதம் கேட்பதாக இருந்தால் குழுவுக்கு நடுவில் கேட்காமல் தனியாகக் கேளுங்கள், எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம் என்று சொல்லுங்கள், பெயரும் முகமும் வெளியே போக வேண்டாம். அவருடைய துயரக் கதையைப் படத்துக்குக் கீழே எழுதி மாட்டுவதை நான் அடியோடு எதிர்க்கிறேன்.

எத்தனை வாரம் நடக்கும் என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள், பணம் தீர்ந்துவிட்டது என்று பாதியில் கதவை அடைப்பது பழைய காயத்தின்மேல் இன்னொன்று. முடிவதற்கு மூன்று வாரம் முன்பிருந்தே நினைவூட்டுங்கள், அடுத்து எங்கே போகலாம் என்ற விவரத்தைக் கையில் கொடுங்கள். ஒவ்வொரு வகுப்பும் முடிந்ததும் நடத்துபவர்கள் இருவரும் அரை மணி நேரம் உட்கார்ந்து, பார்த்ததையும் மனதைப் பிசைந்ததையும் பேசிவிட்டு வீட்டுக்குப் போங்கள்.