சின்னக் குழந்தைகளோடு அரிசோனா – யூட்டா பாலைவனச் சுற்று: படிப்படியாக

நெவாடாவின் லாஸ் வேகாஸில் கிளம்பி, யூட்டாவின் சயான் தேசியப் பூங்கா, அரிசோனாவின் பேஜ் நகரம், மானுமென்ட் வேலி பள்ளத்தாக்கு, கிராண்ட் கேன்யன் தெற்கு விளிம்பு என்று சுற்றி, மறுபடி வேகாஸுக்கே வந்து சேரும் வழிக்கான குறிப்பு இது. வாடகைக் கார், விடுதி முன்பதிவு எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான், அதற்குள் போகவில்லை. ஆறேழு வயதுக்குக் கீழே பிள்ளைகள் இருந்தால் எங்கெங்கே இடிக்கும் என்பதை மட்டும் எழுதுகிறேன்.

படி 1: மாதம்

ஏப்ரல், மே முதல் பாதி, அக்டோபர். இந்த மூன்றில் ஒன்று வாய்த்தால் வேறு யோசனையே வேண்டாம். பள்ளி விடுமுறையில்தான் முடியும் என்றால் ஜூலையிலும் போகலாம். ஆனால் காலை 10 மணிக்கு மேல் மாலை 5 மணி வரை நடை என்ற பேச்சே கூடாது. கோடையில் வேகாஸ் பக்கம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது சாதாரணம். அங்கிருந்து ஒரு மணி நேரத் தொலைவில் உள்ள வேலி ஆஃப் ஃபயர் பூங்காவில் மே 15 முதல் செப்டம்பர் 30 வரை பல நடைபாதைகளை வெயிலுக்காகவே மூடிவிடுகிறார்கள். அதே பயணத்தில், சுமார் 7,000 அடி உயரத்தில் இருக்கும் கிராண்ட் கேன்யன் விளிம்பில் இரவு ஸ்வெட்டர் தேடுவீர்கள். இரண்டுக்கும் சேர்த்து மூட்டை கட்டுங்கள்.

படி 2: தூரம்

வேகாஸிலிருந்து சயான் சுமார் 160 மைல். சயானிலிருந்து பேஜ் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல்; பேஜிலிருந்து மானுமென்ட் வேலியும் ஏறக்குறைய அவ்வளவுதான். அங்கிருந்து கிராண்ட் கேன்யன் மூன்று மணி நேரத்துக்கு மேல். கடைசியாக வேகாஸ் திரும்பும் 280 மைல்தான் நீளமானது. வரைபடம் காட்டும் நேரத்தோடு பாதியைக் கூட்டிக்கொள்ளுங்கள். பகல் தூக்கத்துக்கான நேரத்தில் வண்டி ஓட வேண்டும். காலையும் மாலையும் பிள்ளைகள் கீழே இறங்கி ஓட வேண்டும். பேஜிலும் கிராண்ட் கேன்யனிலும் இரண்டிரண்டு இரவு தங்குங்கள். யூட்டாவின் மற்ற தேசியப் பூங்காக்களான பிரைஸ், ஆர்ச்சஸ் எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் முடிப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகள் பார்த்ததெல்லாம் முன் இருக்கையின் முதுகுதான்.

படி 3: கடிகாரம் (இதை மட்டுமாவது இரண்டு முறை படியுங்கள்)

எங்களைத் தலைசுற்ற வைத்தது இந்தப் படிதான். அரிசோனா மாநிலம் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளுவதில்லை. யூட்டா தள்ளுகிறது. மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை யூட்டாவில் 9 மணி என்றால் அரிசோனாவில் 8. நெவாடாவும் கோடையில் 8 என்றே காட்டும். இதுவரை சிக்கல் இல்லை.

சிக்கல் நவஹோ பழங்குடியினர் தங்களுக்கென ஆளும் நவஹோ தேசத்தில் தொடங்குகிறது. அவர்களுடைய நிலம் அரிசோனா, யூட்டா, நியூ மெக்ஸிகோ மூன்றிலும் பரந்திருப்பதால், அரிசோனாவுக்குள் இருக்கும் பகுதியிலும் அவர்கள் கடிகாரத்தை முன்தள்ளுகிறார்கள். அந்த நிலத்தின் நடுவே ஹோப்பி என்ற வேறொரு பழங்குடி மக்களின் நிலம் இருக்கிறது, அவர்கள் தள்ளுவதில்லை. டூபா சிட்டி நவஹோ ஊர், நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் மோயென்கோப்பி ஹோப்பி ஊர். கோடையில் சாலையைக் கடந்தால் ஒரு மணி நேரம் மாறும்.

பேஜ் நகரம் அரிசோனா நேரம்தான். ஆனால் வடக்கே சில மைலில் யூட்டா, தெற்கே ஒட்டினாற்போல் நவஹோ நிலம். கைப்பேசி எந்தக் கோபுரத்தைப் பிடிக்கிறதோ அந்த நேரத்தைக் காட்டும். படுக்கும்போது ஒரு நேரம், எழும்போது வேறொன்று. பேஜ் அருகே இருக்கும் குறுகலான பாறைப் பள்ளம் ஆன்டிலோப் கேன்யன் நவஹோ நிலத்தில் இருந்தாலும், அங்கே சுற்றிக்காட்டுபவர்கள் பொதுவாகப் பேஜ் நகரத்தின் நேரத்தையே பின்பற்றுகிறார்கள். மானுமென்ட் வேலியோ நவஹோ நேரம்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். கைப்பேசி அமைப்பில் தேதி, நேரம் என்ற பகுதிக்குப் போய், தானாக மாறுவதை நிறுத்திவிட்டு அரிசோனாவின் ஃபீனிக்ஸ் நகரத்தைத் தேர்ந்தெடுங்கள். பயணம் முடியும் வரை அதைத் தொடாதீர்கள். யூட்டாவிலும் மானுமென்ட் வேலியிலும் மட்டும் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். எல்லா முன்பதிவையும் ஒரு தாளில் எழுதி, பக்கத்தில் "பேஜ் நேரம்", "நவஹோ நேரம்" என்று குறித்து, டாஷ்போர்டில் ஒட்டுங்கள்.

மேற்கே சயானிலிருந்து பேஜுக்கு வரும்போது ஒரு மணி நேரம் லாபம். அது ஆபத்தில்லை, நிழலில் காத்திருந்தால் போயிற்று. நஷ்டம் வருவது பேஜிலிருந்து மானுமென்ட் வேலிக்குப் போகும்போது: மாலை 3 மணிக்குக் கிளம்பினால் அங்கே சேரும்போது 6 மணியைத் தாண்டியிருக்கும். பள்ளத்தாக்குக்குள் ஓடும் 17 மைல் மண் சாலையை அன்று மறந்துவிட வேண்டியதுதான். மதியச் சாப்பாட்டுக்கு முன்பே கிளம்புங்கள்.

சேர்க்கை: குளிர்காலத்தில் என்ன என்று பின்னூட்டத்தில் கேட்டிருந்தார்கள். அப்போது யூட்டா, அரிசோனா, நவஹோ மூன்றும் ஒரே நேரம். நெவாடா மட்டும் ஒரு மணி பின்னால்.

படி 4: நுழைவுக் கட்டணம்

தேசியப் பூங்காக்களுக்கான 80 டாலர் வருடாந்திரப் பாஸை எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கச் சொல்வார்கள். சயானுக்கு வண்டிக்கு 35, கிராண்ட் கேன்யனுக்கு 35, ஆக 70. மூன்றாவதாக ஒரு தேசியப் பூங்கா இல்லையென்றால் பாஸ் நஷ்டம். ஆன்டிலோப், மானுமென்ட் வேலி இரண்டும் நவஹோ பூங்காக்கள். பேஜ் அருகே கொலராடோ ஆறு குதிரை லாடம் போல வளையும் ஹார்ஸ்ஷூ பெண்டின் வண்டி நிறுத்தம் பேஜ் நகராட்சியுடையது. இந்த மூன்றிலும் அந்தப் பாஸ் செல்லாது. வீட்டில் நான்காம் வகுப்புப் பிள்ளை இருந்தால், அந்தக் கல்வியாண்டு முழுவதும் குடும்பத்துக்கே இலவசப் பாஸ் உண்டு.

சேர்க்கை: ஊரிலிருந்து தாத்தா, பாட்டி வந்திருக்கிறார்களா? 2026 முதல் அமெரிக்காவில் வசிக்காதவர்களுக்குப் பாஸ் 250 டாலர். பாஸ் இல்லாவிட்டால் சயான், கிராண்ட் கேன்யன் உட்பட 11 பூங்காக்களில் 16 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்குத் தலைக்கு 100 டாலர் கூடுதல். கிளம்புமுன் பூங்காவின் இணையப் பக்கத்தில் விதியைப் படித்துவிடுங்கள்.

படி 5: வண்டிக்குள்

தண்ணீர், ஆளுக்கு நாளுக்கு ஒரு கேலன். புட்டிகளாக வாங்கிக் குவிக்காமல் பெரிய கேனும் ஸ்டீல் பாட்டில்களும் வைத்துக்கொள்ளுங்கள். கிராண்ட் கேன்யனில் இலவசமாக நிரப்பிக்கொள்ளக் குழாய்கள் இருக்கின்றன. ஐஸ் பெட்டியில் தயிர்சாதம், வெளியே புளிசாதம். பேஜுக்கும், மானுமென்ட் வேலிக்கு முன்னால் வரும் கயென்டா ஊருக்கும் நடுவே சைவமாக எதுவும் கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். பெட்ரோல் பாதிக்குக் கீழே இறங்கினால் அடுத்த பங்கிலேயே நிரப்புங்கள். வரைபடத்தை முன்பே பதிவிறக்கி வையுங்கள். சிக்னல் பல இடங்களில் இருக்காது.

மடக்கக்கூடிய குழந்தைக் கழிப்பறை ஒன்றை வாங்கிவிடுங்கள். பிள்ளை "இப்பவே" என்னும்போது அடுத்த கழிப்பறை முப்பது மைலில் இருக்கும். டிவிடி திரை, ஜன்னல் பொம்மை என்று கடைகளில் விற்பதை எல்லாம் தள்ளிவிட்டு இதற்குச் செலவழியுங்கள்.

கார் சீட்டின் உலோகக் கொக்கியை மறக்காதீர்கள். அரை மணி நேரம் வெயிலில் நின்ற வண்டியில் அது பிஞ்சுத் தொடையைச் சுட்டுவிடும். இறங்கும்போதே கொக்கிமேல் வெள்ளைத் துண்டைப் போட்டு மூடுங்கள். ஏறும்போது முதலில் உங்கள் புறங்கையால் தொட்டுப் பாருங்கள்.

படி 6: பள்ளங்கள், விளிம்புகள்

ஆன்டிலோப் கேன்யனில் கீழ்ப்பகுதிக்குச் செங்குத்தான இரும்பு ஏணிகள் உண்டு. நடக்கத் தெரியாத பிள்ளை என்றால் மேல்பகுதியை எடுங்கள். அங்கே வண்டியில் அழைத்துப் போவதால் கார் சீட் கேட்பார்கள். பதிவு செய்யும்போதே விசாரியுங்கள். முதுகுப்பை, தள்ளுவண்டி இரண்டுக்கும் அனுமதி இல்லை. டயப்பரை ஒரு சட்டைப்பையில் செருகிக்கொள்ளுங்கள்.

வானம் தெளிவாக இருக்கும்போதே மழையைக் காரணம் காட்டிச் சுற்றை ரத்து செய்தால் சண்டை போடாதீர்கள். 1997 ஆகஸ்ட் 12 அன்று பல மைல் தள்ளிப் பெய்த மழையின் வெள்ளம் கீழ்ப்பகுதிக்குள் புகுந்து 11 பேரைக் கொன்றது. ஜூன் பாதி முதல் செப்டம்பர் வரை அங்கே மழைக்காலம்.

ஹார்ஸ்ஷூ பெண்டுக்கு ஒரு வழி முக்கால் மைல் நடை. தள்ளுவண்டி போகும், மர நிழல் கிடையாது. சுமார் 1,000 அடிப் பள்ளத்தின் விளிம்பில் ஒரு பகுதிக்குத்தான் கம்பி வேலி. கிராண்ட் கேன்யனிலும் பல இடங்களில் வேலி இல்லை. பிள்ளையின் இடுப்பில் வார் கட்டுவது கௌரவக் குறைச்சலா என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். கட்டுங்கள் அம்மா. யார் என்ன நினைத்தால் என்ன?

கிராண்ட் கேன்யன் அணில்கள் பழகியவை போல அருகில் வரும், கடிக்கும். தீனி போடவே கூடாது.

தேசியப் பூங்காத் தகவல் மையத்தில் பிள்ளைகளுக்கான ஜூனியர் ரேஞ்சர் (குட்டிப் பூங்காக் காவலர்) பயிற்சிப் புத்தகம் இலவசம். பக்கங்களை முடித்துக் கொடுத்தால் ரேஞ்சர் பிள்ளையைக் கை உயர்த்தி உறுதிமொழி சொல்லவைத்துப் பேட்ஜ் தருவார். முதல் நாள் காலையிலேயே வாங்கிவிடுங்கள்; கடைசி நாளில் வாங்கினால் வண்டி நிறுத்துமிடத்தில் உட்கார்ந்து நீங்கள்தான் எழுத வேண்டியிருக்கும்.

சேர்க்கை: புழுதிப்புயலில் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்று இருவர் கேட்டார்கள். சாலையை விட்டு முடிந்தவரை வெளியே ஒதுங்குங்கள். எல்லா விளக்குகளையும் அணையுங்கள். கை பிரேக் போட்டு, காலைப் பிரேக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். பின்விளக்கு எரிந்தால், அதுதான் சாலை என்று நினைத்துப் பின்னால் வருபவர் நேராக உங்கள் மேல் வந்து மோதுவார். சீட் பெல்ட்டைக் கழற்றாமல் புயல் கடக்கும் வரை உள்ளேயே இருங்கள்.